முருகை தனியே வருவதில்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த எழுவைதீவைச் சுற்றியுள்ள கடல் முருகைக்கு அவ்வளவு இதமான இடமில்லை. பாக்குநீரிணைக் கடலின் பெரும்பகுதி பத்து மீற்றர் ஆழத்தைச் சுற்றியே நிற்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் அடிச்சேறு கிளம்பி நீர் கலங்கும். சித்திரை வெயிலில் மேல்நீர் 30 பாகையைத் தாண்டும். மாரியில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இறங்கிவந்து உவர்த்தன்மையையே மாற்றிவிடும். இத்தனைக்கும் நடுவே கரையோரப் பாறைகளில் முருகை வளர்கிறது, கிளைவிடுகிறது, இனம் பெருக்குகிறது.

தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலோ பாரிசிலோ வாழும் ஒருவர் கடையில் விரல்நீள முருகைத் துண்டொன்றை வாங்கி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வைக்கிறார் என்று கொள்வோம். நீரின் வெப்பம் ஒரே அளவில் நிற்கிறது. உப்பு அளந்து போட்டது. விளக்கு நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைகிறது. சேறில்லை, அலையில்லை, புயலில்லை. அப்படியிருந்தும் ஒரு கிழமையில் அந்தத் துண்டு வெளிறிச் செத்துப்போகலாம். அல்லது அது நன்றாகவே தழைக்க, ஆண்டுக்கணக்காகத் தொட்டியில் இருந்த பழைய முருகைகள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கலாம். கொந்தளிக்கும் கடலில் பிழைக்கும் உயிர், அமைதியான தொட்டியில் ஏன் சாகிறது? புதிதாக வந்த ஒன்று, ஏற்கெனவே இருந்தவற்றை எப்படிக் கொல்கிறது?

கடையில் வாங்கியதாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுவைதீவுக் கடலிலிருந்து ஒரு துண்டைக்கூட உடைத்து எடுக்க முடியாது. இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முருகைகளைப் பாதுகாக்கிறது. இந்தியாவில் 2001இல் பாறை கட்டும் முருகைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் கல்முருகைகள் இருப்பதால், உரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவை எல்லை தாண்டக் கூடாது. நல்ல வளர்ப்பாளர்கள் தொட்டியிலேயே வளர்ந்த தாய்முருகையிலிருந்து வெட்டிய துண்டுகளைத்தான் தேடி வாங்குகிறார்கள். இந்த விடயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: கடலில் இருந்து பிடுங்கியது என்றால் அதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

புதிரை அவிழ்க்க, முருகை எத்தகைய உயிர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நெடுந்தீவின் வேலிச் சுவர்களில் அடுக்கிய முருகைக் கற்களைப் பார்த்தவர்களுக்கு அது கல். உண்மையில் அந்தக் கல், உயிரினம் சுரந்து கட்டிய வீடு மட்டுமே. கல்லின் மேற்பரப்பில் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் விலங்குதான் முருகை. அது ஆயிரக்கணக்கான சிறு வாய்களால் ஆனது. ஒவ்வொரு வாயையும் சுற்றி உணர்கொம்புகள் இருக்கும். இப்படிப்பட்ட ஓர் அலகைப் பொலிப்பு என்பார்கள். பொலிப்புகளின் உயிரணுக்களுக்குள்ளே ஒற்றைக் கல அல்காக்கள் வாழ்கின்றன. ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலில் அவை பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கலாம். அறிவியலில் இவற்றுக்கு சூசாந்தெல்லே என்று பெயர். நாம் உள்ளுறை அல்கா என்று வைத்துக்கொள்ளலாம். முருகையின் பழுப்பு நிறத்துக்கு இவையே காரணம். தோலுக்கு வெளியே சுரந்து நிற்கும் வழுவழுப்பான சளிப்படலத்தில் பற்றீரியாக்களின் தனிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. கல்லின் அடியிலும் இடுக்கிலும் புழு, சிறு நண்டு, நத்தை, பாசி, முட்டைகள்.

இந்த உள்ளுறை அல்கா என்ன செய்கிறது என்பது எளிதில் புரிந்துவிடவில்லை. 1928-29இல் அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பாறைக்குச் சென்ற பிரித்தானிய ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய மொறிஸ் யொங், முருகைகளை இருட்டில் வைத்தும் பட்டினி போட்டும் பார்த்தார். அவை அல்காக்களை வெளியே தள்ளின. அவர் கண்ட முடிவு: முருகை ஊனுண்ணி, மிதவையுயிர்களைப் பிடித்துத் தின்று வாழ்வது, அல்காக்கள் அதற்கு உணவு தருவதில்லை. அந்த முடிவு பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1969இல் லெனார்ட் மஸ்கற்றைனும் எல்சா செர்னிகியாரியும் ஒரு முருகைக்குக் கதிரியக்கக் காபன் கலந்த நீரைக் கொடுத்து வெளிச்சத்தில் வைத்தார்கள். அந்தக் காபனை ஒளித்தொகுப்பால் பிடிக்கக்கூடியது அல்கா மட்டுமே. ஆனால் சிறிது நேரத்தில் கதிரியக்கக் காபன் விலங்கின் தசையில் தென்பட்டது. அல்கா சமைத்ததை முருகை உண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் முருகையின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியை, சில இனங்களில் 90 வீதம் வரை, இந்த அல்காக்களே தருவதாக இப்போது கணிக்கிறார்கள்.

ஆகவே கடையிலிருந்து வரும் அந்த விரல்நீளத் துண்டு ஓர் உயிரல்ல. விலங்கு, அதற்குள் தாவரம் போன்ற அல்கா, தோல்மேல் பற்றீரியா, அடிக்கல்லில் ஒளிந்திருக்கும் மற்றவை என ஒரு கூட்டமே வந்து இறங்குகிறது. குடாநாட்டில் புகையிலைக் கன்று நட்டவர்களுக்கு இது புதிதாக இராது. நாற்றுமேடையிலிருந்து பிடுங்கிய கன்றைத் தோட்டத்தில் வைக்கும்போது இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, கன்று வெயிலில் வாடிவிடக் கூடாது. அதற்காகச் சில நாள் மறைப்புக் கட்டுவார்கள். மற்றது, வேரோடு வந்த மண்ணில் நோயோ புழுவோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் தோட்டம் முழுவதற்கும் கேடு. புதிய முருகையைத் தொட்டியில் சேர்ப்பதன் முழு அறிவியலும் இந்த இரண்டு கவலைகளுக்குள் அடங்கும்.

முதலில் மறைப்பு. அல்காவுக்கு ஒளி உணவு, ஆனால் அளவுக்கு மிஞ்சிய ஒளி நஞ்சு. மங்கிய ஒளியில் வாழும் முருகையின் அல்காக்கள் கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத் தங்களுக்குள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கின்றன. 1981இல் போல் பல்கோவ்ஸ்கியும் ஸ்வி டுபின்ஸ்கியும் செங்கடலின் ஏலாத் குடாவில் ஒரே இன முருகையை வெயிலிலும் நிழலிலும் எடுத்து ஒப்பிட்டார்கள். நிழல்முருகை கரும்பழுப்பாக இருந்தது, வெயில்முருகை வெளிறிய நிறம். ஓர் அல்காவுக்குள் இருந்த பச்சையத்தின் அளவு நிழலில் பல மடங்கு கூடியிருந்தது. இப்படி நிழலுக்குத் தயாரான ஒன்றைத் திடீரென்று பலத்த விளக்கின் கீழ் வைத்தால், பிடித்த ஒளியை எல்லாம் சமையலுக்குப் பயன்படுத்த அல்காவால் முடியாது. எஞ்சிய ஆற்றல் ஒட்சிசனை, தாக்கும் வேகமுள்ள வேதிப்பொருளாக மாற்றுகிறது. அது அல்காவையும் அதைத் தாங்கும் உயிரணுவையும் சேர்த்தே சிதைக்கும். முருகை தன்னைக் காத்துக்கொள்ள அல்காக்களை வெளியேற்றுகிறது. தோல் கண்ணாடியாகி அடியிலுள்ள வெண்கல் தெரிகிறது. வெளிறல் என்று நாம் அழைப்பது இதுதான். கடல் சூடேறும்போது பாறை முழுவதும் வெளிறுவதும் இதே பொறிமுறையால்தான். 1998இலும் 2010இலும் 2016இலும் இந்துமாகடலில் நடந்த பெரும் வெளிறல்களில் சூடும் ஒளியும் சேர்ந்து தாக்கின.

பச்சையத்தைக் குறைக்கவும் கூட்டவும் அல்காவுக்கு நாள் எடுக்கும். அதனால் புதிய துண்டைத் தொட்டியின் அடித்தளத்தில், ஓரத்தில், ஒளி குறைந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று கிழமைகளில் படிப்படியாக மேலே ஏற்றுகிறார்கள். அல்லது விளக்கின் செறிவையே குறைத்துப் பின் மெல்லக் கூட்டுகிறார்கள். வந்த துண்டு கரும்பழுப்பாக இருந்தால் அது நிழலில் இருந்து வந்தது என்று ஊகிக்கலாம். அதற்கு இன்னும் பொறுமை வேண்டும். துண்டின் நிறத்தைக் கண்டு ஆசைப்பட்டு அன்றே விளக்கின் நேர்கீழே வைப்பதுதான் அதிக முருகைகளைக் கொல்கிறது என்பது என் எண்ணம்.

நீரைப் பழக்குவதில் இவ்வளவு நாள் தேவையில்லை. முருகையின் திசுவில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரின் உப்போடு ஒத்தே இருக்கும். அதைத் தனியே கட்டுப்படுத்தும் சிறுநீரகம் போன்ற உறுப்பு முருகைக்கு இல்லை. உப்புக் குறைந்த நீரில் திடீரென்று விழுந்தால் நீர் உயிரணுவுக்குள் புகுந்து அது வீங்கும், உப்புக் கூடிய நீரில் சுருங்கும். எழுவைதீவில் மாரி நீர் கலப்பது நாட்கணக்கில் நடக்கிறது, முருகை அதற்குள் ஈடுகொடுத்துவிடும். பையிலிருந்து தொட்டிக்கு மாறுவது நொடியில் நடக்கிறது. இந்த வேக வேறுபாடுதான் புதிரின் முதற்பாதிக்கு விடை. மாற்றத்தின் அளவைவிட மாற்றத்தின் வேகமே முருகையைக் கொல்கிறது.

ஆகவே வந்த பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துவார்கள். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்ப்பார்கள். கடல்நீரின் வழமையான உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு. இரண்டு நீரையும் அளந்து பார்த்து வேறுபாடு சிறிதென்றால் அரை மணி நேரமே போதும். மணிக்கணக்காகச் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பது நல்லதென்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நெடுந்தூரம் மூடிக்கிடந்த பையில் உயிர்கள் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு சேர்ந்து நீரைச் சற்று அமிலப்படுத்தியிருக்கும். அந்த அமிலத்தன்மையில், கழிவான அமோனியா தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், அமிலம் குறையும், அமோனியம் மறுபடி நச்சான அமோனியாவாக மாறும். முருகையோடு மீனோ இறாலோ வந்திருந்தால் அந்தப் பையில் அதிக நேரம் வைத்திருப்பது அவற்றைக் கொல்லலாம். எப்படியானாலும் பையில் வந்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. முருகையை மட்டும் எடுத்து வைக்க வேண்டும்.

இனி மண்ணோடு வரும் புழு. இங்கேதான் அதிகம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கிளைமுருகைப் பேரினமான அக்ரொபோராவை வளர்த்தவர்கள் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான சாவைக் கண்டார்கள். முருகையின் நிறம் மங்கும். தோலில் ஒரு மில்லிமீற்றர் அளவு வட்ட வட்டமான வெளிறிய புள்ளிகள் தோன்றும். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கித் தோல் உரிந்து வெண்கல் மிஞ்சும். உற்றுப் பார்த்தாலும் எதுவும் தென்படாது. அந்த முருகையை வேகமான நீர்த்தாரையால் அடித்தபோதுதான் தட்டைப்புழுக்கள் கழன்று விழுந்தன. அவை முருகைத் தோலைத் தின்று, தின்ற அல்காவையும் முருகையின் ஒளிரும் நிறப்புரதத்தையும் தங்கள் உடலிலேயே வைத்துக்கொண்டு முருகையின் நிறத்தையே போர்த்திக்கொண்டிருந்தன. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் 2014இல் அந்த நிறக்கடனை விளக்கினார்கள்.

இந்தப் புழுவின் வரலாறு வியப்பானது. 2011இல் கேற் றோலின்சனும் துணையினரும் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அது அறியப்பட்ட இடம் மீன்தொட்டிகள் மட்டுமே. கடலில் யாரும் அதைக் கண்டதில்லை. அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அக்ரொபோராக்களைத் தேடித் தேடி, முதன்முறையாக இயற்கைப் பாறையிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். கடலில் அரிதாக, மீன்களின் கண்ணுக்கு அஞ்சி வாழும் ஒரு புழு, அதைத் தின்னும் மீன் இல்லாத தொட்டியில் கொள்ளைநோயாகிவிட்டது. எழுவைதீவின் பாறையிலும் முருகையைத் தின்னும் உயிர்கள் எத்தனையோ இருக்கும். அவற்றைத் தின்னும் மீன்களும் அதே பாறையில் இருக்கின்றன. தொட்டிக்கு வருவது கூட்டத்தின் ஒரு பாதி மட்டும். நாம் கேட்ட புதிரின் மறுபாதிக்கு விடை இதில் இருக்கிறது.

இத்தகைய புழுக்களை அகற்றப் புதிய முருகையை மருந்துநீரில் சில நிமிடம் அமிழ்த்துகிறார்கள். அயடீன் கரைசல், பொற்றாசியம் குளோரைட்டு, கடைகளில் விற்கும் வேறு கலவைகள் எனப் பல உண்டு. எல்லாமே ஒரு கணக்கில் இயங்குகின்றன: முருகை தாங்கக்கூடிய, புழு தாங்கமுடியாத அளவு. மருந்துநீரில் துண்டை அசைத்து, குழாயால் நீரைப் பீய்ச்சி அடித்தால் புழுக்கள் கலத்தின் அடியில் விழுந்து கிடப்பதைக் கண்ணால் காணலாம். அதைப் பார்த்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பது இயல்பு. ஆனால் முட்டைகள் சாகவில்லை. தட்டைப்புழு தன் முட்டைகளைத் தோல் இல்லாத அடிக்கல்லில், கடினமான உறைக்குள் ஒட்டிவைக்கிறது. மருந்து அந்த உறைக்குள் போவதில்லை. அதனால் அனுபவப்பட்டவர்கள் துண்டோடு வந்த சிறு அடித்தட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தட்டில் ஒட்டுகிறார்கள். ஒளிந்திருக்கக்கூடிய இடத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

மிஞ்சியதற்கு ஒரே மருந்து காலம். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 27 பாகையில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஐந்து கிழமைகளுக்குச் சற்று மேல் ஆகிறது. குளிர்ந்த நீரில் இன்னும் நீளும். இந்த எண் தெரிந்தால் என்ன செய்வதென்று தானாகவே தெளிவாகும். புதிய முருகையைப் பெருந்தொட்டியில் விடாமல் தனித்தொட்டியில் ஆறு கிழமையாவது வைத்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை மருந்துநீரில் அமிழ்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும், பொரித்து வெளிவந்து இன்னும் முட்டையிடும் வயதை எட்டாத புழுக்கள் சாகும். சுழற்சி ஒரு முழுவட்டம் அறுந்தால் இனம் அந்தத் தொட்டியில் முடிந்தது.

தனிமைப்படுத்தல் என்ற சொல் கொவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் வந்தது. அதன் பொருள் அப்போது நோயாளியை ஒதுக்குவதாகவே பலருக்குப் பட்டது. முருகை வளர்ப்பில் அது ஒதுக்கல் அல்ல, பார்த்திருத்தல். அந்த ஆறு கிழமையில் ஒவ்வொன்றாக வெளிப்படும். இரவில், விளக்கணைந்து ஓரிரு மணிநேரம் கழித்து, சிவப்பு ஒளியில் பார்த்தால் பகலில் ஒளிந்திருப்பவை நடமாடும். ஐப்தேசியா என்ற சிறு கடற்சாமந்தி எங்காவது முளைத்திருக்கும். அதைக் கிள்ளி எறியக் கூடாது. காலடியில் விட்ட ஒரு சிறு துணுக்கிலிருந்து அது முழு உயிராக வளரும், கிள்ளினால் ஒன்று பத்தாகும். மீனுக்கு வெண்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணியும் முருகையின் அடிக்கல்லில் உறைகட்டி ஒட்டிக்கொண்டு வரலாம். அது முருகைக்கு எதுவும் செய்யாது. ஆனால் அந்த உறையிலிருந்து ஒட்டுண்ணி வெளிவரப் பத்துக் கிழமை வரை எடுத்ததாகவும் பதிவுண்டு. ஆகவே தொட்டியில் மீன்களை நேசித்து வளர்ப்பவர், மீன் இல்லாத தனித்தொட்டியில் முருகையை அவ்வளவு காலம் வைத்திருக்கிறார்.

தனித்தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிறிய கண்ணாடிப் பெட்டி, வெப்பமூட்டி, நீரைச் சுழற்றும் சிறு பம்பி, மிதமான விளக்கு இருந்தால் போதும். இடுக்கி, வலை, குழாய் எல்லாம் அதற்கென்று தனியே வைக்க வேண்டும். ஒரே இடுக்கியை இரு தொட்டிக்கும் பயன்படுத்தினால் இத்தனை நாள் காத்திருந்ததில் பயனில்லை. வடித்த நீரில் வெளிற்றும் குளோரின் நீரைக் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டே கொட்ட வேண்டும்.

முருகையைக் காக்கும் வேலையில் வளர்ப்பவர் தன்னைக் காப்பதும் சேரும். சொயாந்திட் எனப்படும் கல்லில்லாப் பொத்தான் முருகைகள் மலிவாகக் கிடைக்கும், பார்க்க அழகு. அவற்றில் சில இனங்களில் பலிரொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் றிச்சர்ட் மூர், போல் ஷொயர் இருவரும் மௌயித் தீவில் கிடைத்த ஓர் உயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த உயிர் கிடைத்த குட்டையை உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகவே அஞ்சி விலகி வந்திருந்தார்கள். உயிரணுக்களில் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் ஒழுங்காக உள்ளே வெளியே மாற்றும் புரதத்தை அந்த நஞ்சு திறந்துகிடக்கும் துளையாக மாற்றிவிடுகிறது. தேவையற்ற பொத்தான் முருகைகளை அழிக்கப் பாறையைக் கொதிநீரில் போட்ட குடும்பங்கள் நீராவியை மூச்சில் இழுத்து மருத்துவமனையில் சேர்ந்த செய்திகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிக்க வைக்கக் கூடாது, உலர்ந்த பாறையைச் சுரண்டக் கூடாது. துண்டை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருந்தால் அன்று தொடவே கூடாது.

ஆறு கிழமை கழிந்து பெருந்தொட்டிக்குப் போகும் நாளில், எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். அசையாமல் இருக்கும் முருகைகள் அண்டைக்காரரோடு சண்டையிடுகின்றன என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜூடித் லாங். யமேக்காவில் ஒன்றுபோலவே தோன்றிய ஸ்கொலிமியா முருகைகளை அவர் அருகருகே வைத்தார். ஒன்று தன் வயிற்று இழைகளை உடலுக்கு வெளியே நீட்டி மற்றதன் தோலைச் சீரணித்துவிட்டது. ஒரே வகையைச் சேர்ந்தவை அப்படிச் செய்யவில்லை. ஆகவே ஒன்றென்று நினைத்தவை இரண்டு தனித்தனி இனங்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1971இல் அது வெளியானது. கண்ணால் பிரிக்க முடியாததை முருகைகள் தாமே பிரித்துக் காட்டிய அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேறு சில இனங்கள் இரவில் நீண்ட கொட்டும் கொம்புகளை வீசும். மன்னார் வளைகுடாவிலும் உள்ள கலக்சியாவின் கொம்புகள் ஒரு சாண் தூரத்துக்கும் நீளக்கூடும். பகலில் அடக்கமாகத் தோன்றும் ஒரு துண்டைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அதன் இரவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தொட்டிக்குத் தனிமைப்படுத்தல் உண்டு. கடலுக்கு அது கிடையாது. அதன் விளைவை எழுவைதீவிலிருந்து வெகுதூரம் போகாமலே காணலாம். பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி, அதிலிருந்து கிடைக்கும் கராகீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1990களில் மண்டபத்தில் சோதனையாக வளர்த்தார்கள், 2000ஐ ஒட்டி வணிகமாக வளர்க்கத் தொடங்கினார்கள். உடைந்து மிதந்த துண்டுகள் மன்னார் வளைகுடாவின் குருசடைத்தீவுப் பாறையை அடைந்தன. 2008இல் கரன்ட் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, அப்பாசி உயிருள்ள அக்ரொபோராக்களின்மேல் தடித்த போர்வையாகப் படர்ந்து அவற்றைக் கொன்றிருப்பதைக் காட்டியது. ஒளி மறைந்தால் உள்ளுறை அல்காவால் சமைக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாட்டிலும் இப்பாசி வளர்க்கப்படுகிறது. கரையோரக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது வருமானம் தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முருகைப் பாறை அருகில் உள்ள இடத்தில் அதை வைக்கலாமா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

தொட்டியிலிருந்து நேரடியாகக் கடலுக்குப் போனவையும் உண்டு. மீன்தொட்டிகளில் அழகுக்கு வைத்த கோலர்ப்பா பாசி 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே ஒரு சதுர மீற்றர் பரப்பில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடலில் பல நாடுகளின் கரைகளில் பரவியது. அது தொட்டியிலிருந்துதான் வந்ததா என்று பலர் வாதிட்டார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வாதத்தை முடித்தது: கடலில் பரவியதும் ஐரோப்பியத் தொட்டிகளில் இருந்ததும் ஒரே மரபு. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஒரு கடல்நீரேரியில் அதே மரபு தோன்றியது. அங்கே கடற்புல்லைக் கணக்கெடுக்க இறங்கிய சுழியோடிகள் அதை ஆரம்பத்திலேயே கண்டார்கள். தார்ப்பாய் விரித்து மூடி, அடியில் குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகளும் எழுபது இலட்சம் டொலருக்கு மேலும் செலவிட்டு 2006இல் முற்றாக அழித்தார்கள். வெனிசுவேலாவில் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தொட்டி வணிகத்தின் வழி வந்ததாகக் கருதப்படும் உனோமியா என்ற மென்முருகை அங்கே மொச்சிமாக் கடலின் பாறைகளையும் கடற்புல்லையும் மூடிப் படர்ந்துவிட்டது. அது ஒரு முருகை, பாசிகூட அல்ல.

கலிபோர்னியாவில் வெற்றி கிடைத்ததற்குக் காரணம் குளோரின் மட்டுமல்ல. அந்த ஏரியின் அடியில் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரிந்தவர்கள் அங்கே இறங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கடலில் அந்த அறிவு நீண்டகாலம் இல்லாதிருந்தது. 1983 முதல் 2009 வரை போர் நடந்த காலத்தில் ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்க முடியவில்லை. போருக்குப் பிறகு ஆஷானி அருளானந்தனும் துணையினரும் குடாநாட்டின் வடக்கு, மேற்குக் கரைகளில் முருகைகளைக் கணக்கெடுத்து, மாதிரிகளின் டிஎன்ஏயைப் படித்தார்கள். 2021இல் வெளியான அவர்களின் கட்டுரை, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை உறுதிப்படுத்தியது. அவை புதிதாக வந்தவை என்று அதற்குப் பொருளில்லை. கலங்கிய நீரில், யாரும் பாராத காலம் முழுவதும் அங்கே வளர்ந்துகொண்டிருந்தவற்றை இப்போதுதான் எழுதிவைத்திருக்கிறோம். டிஎன்ஏ தேவைப்பட்டதற்கும் காரணம் உண்டு. ஒரே இன முருகை தெளிந்த நீரில் ஒரு வடிவும் சேற்றுநீரில் இன்னொரு வடிவும் எடுக்கும். வடிவை மட்டும் நம்பினால் ஒன்றை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் எண்ணிவிடுவோம்.

அந்தப் பட்டியல் கையில் இருப்பதால் ஒரு புதிய காரியம் கூடியிருக்கிறது. இனி எழுவைதீவுக் கடலில் சங்கு குளிக்கவோ கடலட்டை எடுக்கவோ மூழ்குகிறவர், முன்பு காணாத ஒன்று பாறைமேல் படர்ந்திருப்பதாகச் சொன்னால், அதில் உரிய அனுமதியோடு நகக்கண்ணளவு வெட்டி எடுத்துப் படித்து, அது இங்கே பிறந்ததா வெளியே இருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் இருக்கும்போதே சொல்லிவிடலாம்.